உருவகப் பிரிவின் சாய்மனைக் கதிரை

வெள்ளவத்தையில் அந்த யுத்த வருசங்களில் பெயர்ப்பலகை தொங்காத மாடிப்படி கிடையாது. ஒரு படியில் ஏறினால் ஜெர்மன் படிப்பிப்பார்கள், அடுத்ததில் பிரெஞ்சு, அதற்கடுத்ததில் நோர்வீஜியன். எந்த நாடு கதவைத் திறக்கும் என்று தெரியாதபடியால் எல்லா மொழியிலும் தட்டிப் பார்க்கத் தமிழ்ச்சனம் ஆயத்தமாக இருந்தது. இவற்றுக்குள் மிகவும் கண்ணியமானது, கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் புடவைக்கடைக்கு மேலே இருந்த அகில இலங்கை ஸ்பானிய மொழிப் பேரவைதான். மற்ற இடங்களில் மொழி படிப்பித்தார்கள். பேரவையில் ஒரேயொரு வினைச்சொல் படிப்பித்தார்கள்.

அந்த வினைச்சொல் 'எச்சார்'. ஸ்பானியர்கள் எழும்பினால் படுக்கும்வரை வாயில் போட்டுக்கொண்டு திரிகிற சொல். நேரே பார்த்தால் எறிதல், ஊற்றுதல், வெளியே தள்ளுதல் என்று பொருள். அதோடு வேறு ஓரிரு சொல்லைச் சேர்த்தால் கைகொடுத்து உதவுதல், கண்ணோட்டம் விடுதல், குட்டித்தூக்கம் போடுதல், பழி போடுதல் என்று விரிந்துகொண்டே போகும். எல்லாவற்றுக்கும் உச்சியில் 'எச்சார் தே மேனோஸ்' என்று ஒன்று இருந்தது: ஒருவர் பக்கத்தில் இல்லாத குறையை மனம் உணர்தல். வேர் விடுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் வெள்ளவத்தையில் தமிழர் வேர் விடுவதென்றால் பொலிசில் பதிய வேண்டியிருந்தபடியால் அது பாடத்திட்டத்தில் இருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தது.

பேரவையை நிறுவி, அதற்குத் தானே தலைவராகவும் இருந்தவர் கொட்டாஞ்சேனை வின்சன்ற். துறைமுகத்தில் சாமான் எண்ணுகிற வேலையில் இருந்தபோது ஒரு ஸ்பானியக் கப்பலின் சமையற்காரன் இந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவரைக் கப்பலில் இருந்து தள்ளி இறக்கினானாம். கரையில் நின்று அந்தக் கப்பலின் சாப்பாட்டை நினைத்து ஏங்கியபோது சொல்லின் மற்றப் பொருளும் தனக்கு வெளித்துவிட்டது என்று அவர் ஒவ்வொரு புது மாணவருக்கும் எழுந்து நின்று சொல்லுவார்.

"நான் ஸ்பெயினுக்குப் போனதில்லை," என்று அந்த வரவேற்புரை தொடரும். "போக வசதியில்லாமல் அல்ல. போனவர்கள் எல்லாரும் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கதைக்கத் தொடங்கினால் மொழி கெட்டுவிடும். இந்தப் பேரவை தொடங்கிய நாளில் இருந்து இங்கே படித்த எவரும் ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. எங்கள் தரம் அப்படிப்பட்டது."

இந்தப் படியில்தான் சிவபாதசுந்தரமும் மனைவி பாலேஸ்வரியும் ஒரு நாள் ஏறினார்கள். சிவபாதசுந்தரம் ஓய்வுபெற்ற உதவி ஸ்ரேசன் மாஸ்டர். வடக்கே ரயில் ஓடாமல் போனபிறகும் பச்சைக்கொடியையும் சிவப்புக்கொடியையும் தோய்த்து மடித்து வைத்திருந்தவர். ஒரு கதவில் 'அனுமதியின்றி உட்புகக் கூடாது' என்று எழுதியிருந்தால், உள்ளே நெருப்புப் பிடித்தாலும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் அணைக்கப் போவார். பாலேஸ்வரி அப்படியல்ல. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளோடு தெகிவளை வருவதற்குள் உறவு கொண்டாடிவிடுவாள். பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தார்கள். அவளுடைய தம்பி கேதீஸ்வரன் மாட்ரிட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் நின்றான். இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன், அதற்கிடையில் நாலு சொல்லாவது பழகி வையுங்கள் என்று அவன் ரெலிபோனில் சொன்னதால் வந்தார்கள்.

நுழைவுத்தேர்வை நடத்தியவர் ஆசிரியை ஐறீன். மேசையில் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்து, இது என்ன என்று கேட்டார். செவ்வரத்தம்பூ என்றார் சிவபாதசுந்தரம். பாலேஸ்வரி கொஞ்சநேரம் பூவைப் பார்த்துவிட்டு, தங்கச்சி உங்களுக்கும் ஊரிலே சொந்தக்காரர் இருக்கினமோ என்று ஐறீனைத் திருப்பிக் கேட்டாள். ஐறீன் கண் கலங்கிப்போனார். தேர்வு முடிந்தது. சிவபாதசுந்தரம் நேர்ப்பொருட் பிரிவில் சேர்க்கப்பட்டார். பாலேஸ்வரி உருவகப் பிரிவுக்குப் போனாள்.

இப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே பிரிவினை வந்ததையிட்டுப் பேரவை கவலைப்படவில்லை. நேர்ப்பொருட் பிரிவுக்கு இடம் பின்பக்க மொட்டைமாடி. அங்கே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'எச்சார்' என்று ஒருமித்துச் சொல்லி, கடதாசியைக் கூடைக்குள் எறியவேண்டும். வாளியால் தண்ணீர் ஊற்றவேண்டும். உருவகப் பிரிவுக்கு முன்பக்க அறை. திரைச்சீலை, மின்விசிறி, இஞ்சித் தேத்தண்ணீர், வரிசையாகச் சாய்மனைக் கதிரைகள். குட்டித்தூக்கம் பாடம் நடக்கும் நாட்களில் உள்ளே இருந்து குறட்டைச் சத்தம் வரும். அந்தக் குறட்டையில்கூட ஒரு மேல்வகுப்புத் தோரணை இருப்பதாகச் சிவபாதசுந்தரத்துக்குப் பட்டது. அவருடைய காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருக்கும்.

நேர்ப்பொருட் பிரிவின் முக்கியமான பயிற்சி வெளியே தள்ளுதல். ஒவ்வொரு நாளும் ஒருவரை வகுப்பு முழுவதும் சேர்ந்து, வினைச்சொல்லை உரத்துச் சொல்லிப் படியடிக்குத் தள்ளிவிடவேண்டும். தள்ளப்பட்டவர் பாடம் முடியுமட்டும் வெளியே நிற்கவேண்டும். எதிர்க்காமல் போகிறவர் என்பதால் பெரும்பாலும் சிவபாதசுந்தரத்தையே தள்ளினார்கள். முதலில் அவருக்கு மானம் போனது. பிறகு ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். படியடியில் நின்றால் உருவகப் பிரிவின் திரைச்சீலைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் காதில் விழும். அதற்குப் பிறகு தள்ளுவதற்கு முன்பே தயாராகக் கதவடியில் போய் நிற்கத் தொடங்கினார்.

அங்கே நின்றுதான் அவர் ஷரீப்பைப் பற்றி அறிந்தார். ஷரீப் புறக்கோட்டையில் குளியலறை ஓடு விற்கிற முதலாளி. வீடு கொட்டாஞ்சேனையில். ஸ்பெயினில் இருந்து ஓடு இறக்குமதி செய்கிற எண்ணத்தில் படிக்க வந்தவர். அத்தர் வாசம், வெள்ளைச் சட்டை, யாரோடும் உரத்துக் கதைக்காத குரல். சிவபாதசுந்தரத்தைக் கண்டால் எழும்பி நின்று ஸலாம் சொல்லுகிற மனிதர். அவரில் ஒரு குறையாவது இருந்திருந்தால் சிவபாதசுந்தரத்துக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

உருவகப் பிரிவில் ஒரு விதி இருந்தது. அன்றைக்கு யார் வகுப்புக்கு வரவில்லையோ அவர் இல்லாத குறையை அன்றைக்கு எல்லாரும் உணரவேண்டும். பெயரைச் சொல்லி, மூச்சை இறக்கி, 'தே எச்சோ தே மேனோஸ்' என்று சொல்லவேண்டும். ஷரீப்புக்குக் கடையில் வேலை கூட. வாரத்தில் பாதிநாள் வரமாட்டார். அதனால் வாரத்தில் பாதிநாள் பாலேஸ்வரியின் குரல் திரைச்சீலைக்கு வெளியே வந்து சிவபாதசுந்தரத்தின் நெஞ்சில் இறங்கியது. ஷரீப், நீங்கள் இல்லாதது குறையாயிருக்கிறது. கலியாணம் முடித்த இத்தனை வருசத்தில் அவள் அவரிடம் அரிசி இல்லாத குறையைச் சொல்லியிருக்கிறாள், மண்ணெண்ணெய் இல்லாத குறையைச் சொல்லியிருக்கிறாள். இந்தக் குறையை இந்தக் குரலில் சொன்னதில்லை.

ஒரு நாள் பின்னேரம் அனெக்ஸில் அவர் சாப்பிடவில்லை. கடைசியில் கேட்டார்.

"நீர் அந்த மனிசனை ஏன் நினைக்கிறீர்?"

"நான் எங்க நினைச்சனான்? சொல்லத்தானே சொன்னவை."

"குரல் இறங்கினது. நான் கேட்டனான்."

"குரலை இறக்காட்டி மார்க் குறைப்பினம்," என்றாள் பாலேஸ்வரி. "ஏன், நீங்கள் உங்கட வகுப்பில வாளியைத் தூக்கேக்க முகத்தைச் சுளிக்கிறேல்லையோ?"

அவர் விடவில்லை. என்னை ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறீரா என்று கேட்டார். பக்கத்து அறையில் நிற்கிறவரை உணர்வதற்கு விதியில்லை என்றாள். அவள் கேட்டுப் பார்த்தாளாம். வின்சன்ற் மறுத்துவிட்டாராம். இல்லாதவரைத்தான் உணரலாம், இருக்கிறவரை உணர்வது இலக்கணப் பிழை என்று சொன்னாராம்.

சிவபாதசுந்தரம் இரவு முழுக்க யோசித்து ஒரு திட்டம் போட்டார். மறுநாள் வயிற்றுக்கோளாறு என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். இன்றைக்கு நான் இல்லாதவன், இன்றைக்கு என் பெயர் வரும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலேஸ்வரி திரும்பி வந்ததும், என்னை உணர்ந்தார்களா என்று கேட்டார். நேர்ப்பொருட் பிரிவுக்காரர் வராததை அந்தப் பிரிவுக்காரர்தான் உணரவேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் உணர்வது மேல்வகுப்புப் பாடம் என்பதால் கீழ்வகுப்பு ஒன்றும் உணராமல் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றியிருந்தது. அவருக்குப் பதிலாக வேறொருவரைப் படியடிக்குத் தள்ளியிருந்தார்கள்.

அந்தக் கிழமைதான் சுற்றிவளைப்பு வந்தது. ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பொலிஸ் வீடுவீடாக ஏறியது. ஓர் இன்ஸ்பெக்டர் பேரவைக்குள்ளும் வந்தார். முன்னறையில் ஆட்கள் கண்ணைமூடிச் சாய்ந்திருக்க, பின் மாடியில் எட்டுப்பத்துப் பேர் வரிசையாக நின்று எதையோ உரத்துச் சொல்லிச்சொல்லி எறிந்துகொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அதைக் கொஞ்சநேரம் நின்று பார்த்தார்.

"மே மொனவத கரன்னே?" என்று, இங்கே என்ன செய்கிறீர்கள் என்ற அர்த்தத்தில், சிங்களத்தில் வின்சன்றைக் கேட்டார்.

வின்சன்ற் நல்ல சிங்களத்தில் மறுமொழி சொன்னார். முன்னறையில் இருப்பவர்கள் பண்பட்டவர்கள், அவர்களுக்குத் தான் பொறுப்பு. பின்னால் நிற்பவர்கள் எறியப் பழகுகிறார்கள், அவர்கள் எதை எறிவார்கள், எங்கே எறிவார்கள் என்பதற்குப் பேரவை பொறுப்பல்ல. பழி போடுதல் என்ற பொருளை அவர் அன்றைக்குச் செய்துகாட்டியவிதம் மிகச் சிறப்பாக இருந்ததென்று உருவகப் பிரிவினர் பிறகு குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நேர்ப்பொருட் பிரிவு முழுவதும் வாளியோடு ஜீப்பில் ஏற்றப்பட்டது.

பொலிஸ் நிலைய வாங்கிலில் மற்றவர்கள் முகம் வெளிறி இருக்க, சிவபாதசுந்தரம் மட்டும் அமைதியாக இருந்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரு பெருமை. இப்போது நான் பக்கத்து அறையில் இல்லை, இனி எந்த விதியும் தடுக்காது, அவள் குரலை இறக்கியே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டார். பின்னேரம் பாலேஸ்வரி பொலிஸ் பதிவுத் துண்டையும் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்திருந்தாள். அவரைக் கண்டதும் வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வகுப்பில் என் பெயரைச் சொன்னீரா என்பதுதான். ஜீப்பில் ஏற்றினதில் இருந்து உங்களை வெளியில் எடுக்க ஓடித்திரிகிறேன், திரும்பி வகுப்புக்குப் போக நேரம் எங்கே என்று அவள் சொன்னாள். சிவபாதசுந்தரத்துக்கு மனம் விட்டுப்போயிற்று. ஒரு அருமையான சந்தர்ப்பத்தை இவள் இப்படிச் செருப்பறுந்து வீணாக்கிவிட்டாளே என்று வீடு வரும்வரை நாலடி முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு தரமுயர்வுக்கு மனுப்போட்டார். மனைவியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவருக்கு நேர்ப்பொருட் பிரிவில் இருந்து ஏறும் தகுதி குறைவு என்று பேரவை பதில் அனுப்பியது. தகுதி தானாகவே வந்தது. கேதீஸ்வரனின் ஸ்பொன்சரில் பாலேஸ்வரிக்கு முதலில் விசா கிடைத்தது. உங்களுக்கு மூன்று நாலு மாதத்தில் வரும், அதுவரை அப்பளம் பொரித்தாவது சோற்றைச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதாள். அவரும் அழுதார்.

அடுத்த நாளே அவர் உருவகப் பிரிவுக்கு எடுக்கப்பட்டார். எடுக்கப்பட்டது மட்டுமல்ல. அதுவரை அந்தப் பிரிவில் எல்லாரும் ஒருநாள் வகுப்புக்கு வராமல் இருந்தவர்களைத்தான் உணர்ந்து பழகியிருந்தார்கள். சிவபாதசுந்தரம் ஒரு கடல் தாண்டி இல்லாதவளை வைத்திருந்தார். அப்படி ஒரு வசதி பேரவையில் வேறு எவருக்கும் இருக்கவில்லை. வின்சன்ற் எல்லாருக்கும் முன்னால் அவரைத் தழுவிக்கொண்டு, இல்லாமையுணர்தல் துறைக்கு அவரைத் தலைவராக்கி, மூலையில் இருந்த பெரிய பிரம்புச் சாய்மனைக் கதிரையை அவருக்கென்று ஒதுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிரிவினரும் வந்து தரையில் இருப்பார்கள். சிவபாதசுந்தரம் கதிரையில் இருந்து மெல்ல எழும்புவார். யன்னல்பக்கம் பார்ப்பார். "பாலேஸ்வரி, தே எச்சோ தே மேனோஸ்," என்பார். கடைசி எழுத்தில் குரல் உடையும். சனம் மூக்கைச் சிந்தும். எந்த இடத்தில் உடைக்கவேண்டும் என்று வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாள்முழுக்கப் பழகினார். அவருக்குப் பாலேஸ்வரி இல்லாதது உண்மையில் தெரிந்ததா என்று கேட்டால், அதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை.

இப்போது பொறாமைப்படுவது மற்றவர்களின் முறையாயிற்று. ஷரீப்பே ஆடிப்போனார். மனைவி ஹபீலாவைக் கொஞ்சநாள் கிராண்ட்பாஸில் தாய்வீட்டில் போய் இருக்கச் சொல்லிப் பார்த்தார். அவள் மத்தியானம் போய், பொழுதுபடுவதற்குள் ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு திரும்பி வந்துவிட்டாள். ஷரீப் கதிரையைப் பார்க்கிற பார்வையைச் சிவபாதசுந்தரம் கவனித்தார். இரவில் கதிரையை யாரும் மாற்றிவிடுவார்களோ என்று கைப்பிடியின் அடியில் தன் பெயரை ஆணியால் கீறி வைத்தார்.

நிவாரண நிறுவனம் ஒன்றில் வேலைசெய்த ஸ்பெயின் நாட்டுத் தாதி ஒருத்தி பெயர்ப்பலகையைக் கண்டு மேலே ஏறி வந்தது இந்தக் காலத்தில்தான். பேரவைக்குள் முதன்முதலாக வந்த ஸ்பானியர் அவள்தான். மர்த்தா என்று பெயர். வந்ததும் வராததுமாகப் படபடவென்று ஸ்பானிய மொழியில் கதைக்கத் தொடங்கினாள். உருவகப் பிரிவு அதிர்ந்துபோய் இருந்தது. வின்சன்ற் உடனே தேர்வுச் சபையைக் கூட்டினார். அவள் கணக்குவழக்கில்லாமல் வேறு வினைச்சொற்களைப் பயன்படுத்தியதும், 'எச்சார்' என்ற சொல்லை ஒரே ஒருமுறை, அதுவும் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றுவதற்காக மட்டும் சொன்னதும் குறிப்பெடுக்கப்பட்டது. அவளை நேர்ப்பொருட் பிரிவில், முதலாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சபை தீர்மானித்தது.

மர்த்தா கோபிக்கவில்லை. சிரித்துவிட்டு, ஞாயிறு வகுப்பையும் இருந்து பார்த்தாள். முடிந்தபிறகு சிவபாதசுந்தரத்திடம் வந்து ஆங்கிலத்தில், உங்கள் மனைவி எங்கே இருக்கிறா என்று கேட்டாள். மாட்ரிட்டில் என்றார். அப்படியென்றால் நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்பதால் அவர் வின்சன்றைப் பார்த்தார். வின்சன்ற் மின்விசிறியைப் பார்த்தார்.

விசா வந்தது. மாதமுடிவுக்குள் விமானம் ஏறவேண்டும், ஏறாவிட்டால் அது செத்த விசா. சிவபாதசுந்தரம் மகிழ்ச்சியோடுதான் அதைக் கொண்டுபோய்ப் பேரவையில் காட்டினார். வின்சன்ற் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"யோசித்துப் பாருங்கள்," என்றார். "ஸ்பெயின் என்பது நேர்ப்பொருள். போனால் மனைவி எதிரே நிற்பார். எதிரே நிற்பவரை எப்படி உணர்வீர்கள்? இத்தனை மாத உழைப்பு ஒரு விமானத்தில் அழிந்துபோகும். நான் ஒன்றும் தடுக்கவில்லை. ஷரீப் அவர்களிடம் கதிரையைக் கொடுத்துவிட்டு நீங்கள் தாராளமாகப் போகலாம்."

கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் சிவபாதசுந்தரம் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். ஷரீப் அந்தக் கதிரையில் சாய்வதை, அந்த அத்தர் வாசம் பிரம்பில் ஏறுவதை, சனம் அவனுக்காக மூக்குச் சிந்துவதை நினைத்துப் பார்த்தார். பொறுக்கமுடியவில்லை. இந்த ஞாயிறு முடியட்டும் என்றார். பிறகு அடுத்த ஞாயிறு என்றார்.

பாலேஸ்வரி மாட்ரிட்டில் இருந்து, காலி வீதியில் கொமினிகேசன் என்று சொல்லப்பட்ட ரெலிபோன் கடைக்குக் கோல் எடுத்து அவரைக் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு சாட்டுச் சொன்னார். பல்லுக்கொதி என்றார். செக்பொயின்ற் கெடுபிடி என்றார். மூன்றாம் முறை உண்மையைச் சொல்லிவிட்டார். கதிரை, ஷரீப், ஞாயிறு வகுப்பு எல்லாவற்றையும் சொன்னார். நான் உம்மை எவ்வளவு நல்லாக உணர்கிறேன் என்று நீர் ஒருதரம் வந்து பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.



"இஞ்சேருங்கோ," என்றாள் பாலேஸ்வரி. "ஒரு பொம்பிளை எண்டா நான் ஆர் அவள் எண்டு கேட்டு எரிஞ்சுகொண்டாவது இருப்பன். ஒரு கதிரையில நான் என்னெண்டு பொறாமைப்படுறது? இந்தக் குளிருக்குள்ள நான் தனியச் சமைச்சு, தனியச் சாப்பிட்டு, நீங்கள் வருவியளெண்டு ரெண்டாவது கோப்பையையும் கழுவிக் கவிட்டு வைக்கிறன். இனி நான் கூப்பிடமாட்டன், நீங்கள் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டன். வாறதெண்டா வாங்கோ."

வைத்துவிட்டாள். அவர் கூண்டுக்குள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். அடுத்த ஆள் கண்ணாடியில் தட்டினான். அனெக்ஸுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு குந்தினார். அவளுடைய சீப்பு யன்னலில் இருந்தது. முதன்முதலாக அன்றைக்கு அவர் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பழகவில்லை.  சோற்றை மூடி வைத்துவிட்டு வெறும் நிலத்தில் படுத்தார்.

ஞாயிறு வந்தது. அறை நிறைந்து, படிவரைக்கும் ஆட்கள். சிவபாதசுந்தரம் கதிரையில் இருந்து எழும்பினார். யன்னலைப் பார்க்க மறந்துபோனார். ஸ்பானியச் சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பாலேஸ்வரி," என்றார், "நீர் இல்லாமல் எனக்கு ஏலாதப்பா."

பிறகு சத்தம் வைத்து அழுதார். மூக்கால் ஓடியது, துடைக்கவில்லை. சனம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நெளிந்தது. சிலர் செருப்பைத் தேடினார்கள். வின்சன்ற் எழுந்து கைகாட்டி அமைதிப்படுத்தினார்.

"வருத்தத்தோடு சொல்லுகிறேன்," என்றார். "நாம் இப்போது கண்டது உருவகம் அல்ல. இவர் உண்மையாகவே உணர்கிறார். உண்மையாக உணர்வது நேர்ப்பொருள். இதை முன்னறையில் அனுமதித்தால் நாளைக்கு எவரும் வந்து அழலாம். பேரவையின் தரம் என்னவாகும்?"

தேர்வுச் சபை அந்த இடத்திலேயே முடிவெடுத்தது. சிவபாதசுந்தரம் நேர்ப்பொருட் பிரிவுக்கு இறக்கப்பட்டார். ஐறீன் பாவப்பட்டு ஒரு நல்ல வாளியாகத் தெரிந்தெடுத்துக் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். கதிரை ஷரீப்புக்குப் போயிற்று.

ஷரீப் கூச்சப்பட்டுக்கொண்டுதான் எழும்பினார். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஹபீலா வீட்டில் இருக்கிறாள், அவளை உணர விதியில்லை. வேறு யாரையாவது உணரலாமென்றால், பேரவைப் பாடப்புத்தகத்தின் மாதிரி வாக்கியத்தில் பாலேஸ்வரி என்ற பெயர் ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டு அச்சடித்தும் ஆயிற்று. அதை மாற்றுவதற்குப் பொதுச்சபை கூடவேண்டும். ஆகவே அந்தப் பெயரையே சொல்லும்படி வின்சன்ற் பணித்தார்.

சிவபாதசுந்தரம் தாங்கியடியில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தபோது அது கேட்டது. பாலேஸ்வரி, தே எச்சோ தே மேனோஸ். மெல்லிய குரல். அவசரமில்லை. கடைசி எழுத்தில் உடையவுமில்லை, உடையப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் நின்றது. உள்ளே சனம் மூக்குச் சிந்தும் சத்தம். பிறகு கைதட்டல், அவருக்கு ஒருபோதும் கிடைக்காத கைதட்டல்.

வாளி நிரம்பி வழிந்தது. அவர் பார்க்கவில்லை. படிகளில் இறங்கி, காலி வீதியில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடி, கொமினிகேசன் கடைக்குள் போய் மாட்ரிட் இலக்கத்தைக் கேட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டேன் என்றவள் கடைசியில் எடுத்தாள்.

"நான் வாறன்," என்றார். மூச்சு வாங்கியது. "இந்தக் கிழமையே வாறன்."

"என்ன திடீரெண்டு?"

"இங்க ஒருத்தன் சனத்துக்கு முன்னால எழும்பி நிண்டு, உம்மட பேரைச் சொல்லி, நீர் இல்லாதது குறையாயிருக்கெண்டு சொல்லுறான்."

"ஆர்?"

"ஷரீப்."

"நல்லாச் சொல்லுறாரோ?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

சிவபாதசுந்தரத்துக்கு இந்த இடத்தில் பொய் வரவில்லை.

"என்னைவிட நல்லாச் சொல்லுறான்," என்றார்.

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை.

"அப்ப அவருக்குப் பாஸ்போட் இருக்கோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ," என்றாள் பாலேஸ்வரி.